அம்மாவோடு பார்க்க ஒரு படம்

கேள்வி: "ஐரோப்பாவில் இப்போது வருகிற கே படங்களில் எவற்றைப் பார்க்கலாம்? நான் பார்த்த இரண்டு மூன்றும் சாவிலோ பிரிவிலோ முடிந்தன. எல்லாமே அப்படித்தானா? படுக்கையறைக் காட்சிகளைத் தாண்டி அவற்றில் என்ன இருக்கிறது? அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ஒன்றாவது கிடைக்குமா?"

கடைசிக் கேள்விதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, இரண்டு படங்கள். ஆனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஏன் அந்த இரண்டு என்பது புரியாது. அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன். சில படங்களின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கும். முடிவைப் பற்றித்தானே கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு சொல். நம் பத்திரிகைகள் வெகுகாலம் எழுதிவந்த 'ஓரினச்சேர்க்கை' என்பது ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையையும் ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022இல் தமிழக அரசு கண்ணியமான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. நான் 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுகிறேன். எல்லோருக்கும் புரிகிற 'கே'யும் இடையில் வரும். ஆண்களைப் பற்றிய படங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். பெண்களின் படங்களுக்கு இதே நீளத்தில் இன்னொரு பதில் வேண்டும்.

இந்தப் படங்களை நினைத்துப் பார்க்கும்போது முத்தங்களைவிட வாசற்கதவுகள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன. யார் யாரை உள்ளே கூப்பிடுகிறார்கள், யார் வெளியிலேயே நிற்கிறார்கள், யார் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். காதலைச் சொல்வது கஷ்டம்தான். சொன்ன பிறகு அந்த இரண்டு பேரும் எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இன்னும் கஷ்டம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பாவில் வந்த நல்ல படங்கள் இந்த இரண்டாவது கஷ்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆண்ட்ரூ ஹேய் இயக்கிய 'வீக்எண்ட்' (2011) என்ற ஆங்கிலப் படத்திலிருந்து தொடங்கலாம். ஊர் நாட்டிங்ஹாம். ரஸ்ஸல் நீச்சல்குளத்தில் காவலராக வேலை பார்க்கிறான். பெற்றோர் கிடையாது, வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தவன். உயரமான அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காவது மாடியில் தனியாக இருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு க்ளப்பில் க்ளென்னைச் சந்திக்கிறான். ஞாயிற்றுக்கிழமை க்ளென் அமெரிக்காவுக்குக் கிளம்பியாக வேண்டும். நடுவில் இருக்கும் நேரம்தான் படம். இரண்டு பேரும் பேசுகிறார்கள், காபி குடிக்கிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். பெரிதாக வேறு எதுவும் நடப்பதில்லை.

அதில் ஒரு காட்சி. ரஸ்ஸல் யாரிடமும் "நான் இப்படித்தான்" என்று சொல்ல வாய்ப்பே இல்லாதவன், ஏனென்றால் சொல்வதற்கு அப்பா இல்லை. சரி, நான் உன் அப்பாவாக இருக்கிறேன், என்னிடம் சொல் என்கிறான் க்ளென். ரஸ்ஸல் சொல்கிறான். நிலவில் முதலில் கால் வைத்த ஆளாக நீ இருந்திருந்தால்கூட இதைவிட அதிகமாகப் பெருமைப்பட்டிருக்க மாட்டேன் என்று அந்தப் பொய் அப்பா பதில் சொல்கிறான். இரண்டு நாள் பழகிய ஒருவன் இன்னொருவனுக்கு இதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும்? படுக்கையறைக் காட்சிகளைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இந்தக் காட்சி படுக்கையில்தான் நடக்கிறது.

அந்தப் படம் 2016இல் இத்தாலியில் வெளியானபோது கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்பட ஆணையம் அதை ஆபாசமான படம், திரையிடத் தகாதது என்று வகைப்படுத்தியது. இத்தாலியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரையரங்குகள் திருச்சபைக்குச் சொந்தமானவை. ஆக நாடு முழுக்கப் பத்துத் திரையரங்குகளில் மட்டுமே அதைப் பார்க்க முடிந்தது. ஐரோப்பா என்றாலே எல்லாம் முடிந்துபோன விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டு பேசுகிற படத்துக்கு, அதுவும் மேற்கு ஐரோப்பாவில், நடந்தது இது.

அடுத்து பிரான்சிஸ் லீ இயக்கிய 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' (2017). இந்தப் படத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லீ யார்க்ஷயரில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். கதையும் யார்க்ஷயர் மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணை ஒன்றில்தான். ஜானி அப்பாவுக்கு ஒரே பையன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பாதி உடல் விழுந்துவிட்டது. பாட்டி சமைக்கிறாள், துவைக்கிறாள், வாய் திறப்பதில்லை. ஜானி பகல் முழுக்கச் சேற்றில் உழைக்கிறான், இரவானால் வாந்தி எடுக்கும்வரை குடிக்கிறான். சந்தைக்கு மாடு ஓட்டிப்போகிற இடத்தில் யாரோ ஒருவனோடு அவசர உறவு, முடிந்ததும் பெயர்கூடக் கேட்பதில்லை. குட்டி போடும் பருவத்துக்கு உதவியாக ருமேனியாவிலிருந்து கியோர்கே என்ற கூலியாள் வருகிறான். அவனுக்கு வீட்டுக்குள் இடமில்லை, முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய கேரவனில் படுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இரண்டு பேரும் மலைமேல் போய், சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டும் எல்லைச்சுவரைச் சரிசெய்கிறார்கள். அங்கே பிறக்கும்போதே செத்ததுபோல் விழுகிற ஒரு குட்டியைக் கியோர்கே தேய்த்துத் தேய்த்து மூச்சு வரவைக்கிறான். இறந்துபோன இன்னொரு குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிடுகிறான். குட்டியை இழந்த தாய் ஆடு மோந்து பார்த்து, தன் குட்டிதான் என்று பால் கொடுக்கிறது. நம் ஊரில் கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்துவார்களே, அந்தச் சோகம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி தொண்டையை அடைக்கும். ஜானி இதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு உயிரை முரட்டுத்தனம் இல்லாமல் தொட முடியும் என்பதை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறான். அதுவரை அவன் உறவில் முத்தம் கிடையாது. அதன் பிறகுதான் முத்தம் வருகிறது, அதையும் கியோர்கே கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்த பிறகு ஜானி அவரைக் குளிப்பாட்டுகிறான். கியோர்கேயிடம் கற்ற அதே தொடுகை இப்போது அப்பாவின் தோளில். பேச்சு குழறுகிற அந்த மனிதர் நன்றி என்று ஒரு சொல் சொல்கிறார். ஒரு கே காதல் ஒரு அப்பா மகன் உறவைச் சரிசெய்வதை வேறெந்தப் படத்திலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

முடிவில் முற்றத்திலிருந்த கேரவனை வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. கியோர்கே ஜானியோடு பண்ணைவீட்டுக்குள் நுழைகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. படம் முடிந்தது. கிராமத்தில் பிறந்த கே பையன் நகரத்துக்கு ஓடித்தான் பிழைக்க வேண்டும் என்று அதுவரை எத்தனையோ படங்கள் சொல்லியிருந்தன. இந்தப் படத்தில் அவன் அதே சேற்றில், அதே பாட்டியோடு, அதே வீட்டில் இருந்துகொள்கிறான். படம் பிரிட்டனில் வெளியானபோது, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக அந்த நாடு வாக்களித்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு ருமேனியக் கூலியாள் ஆங்கிலேயப் பண்ணைவீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கு அந்த நேரத்தில் இன்னொரு கனமும் இருந்தது. ஆக, எல்லாமே சோகமாகத்தான் முடியுமா என்றால், இல்லை. இது ஒன்றே போதும் சாட்சிக்கு.

ஆனாலும் சோகம் அதிகம் என்று நீங்கள் உணர்வது தப்பில்லை. அதற்குக் காரணம் இயக்குநர்களின் மனநிலை என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் சட்டமும் நோயும்தான் காரணம்.

சட்டம் என்றால் ஜெர்மனியின் 175ஆம் பிரிவு. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை 1935இல் நாஜிகள் இன்னும் கடுமையாக்கினார்கள். போர் முடிந்தது, நாஜிகள் போனார்கள், மேற்கு ஜெர்மனி அந்தக் கடுமையான வடிவத்தை அப்படியே 1969வரை வைத்துக்கொண்டது. அந்த இருபது ஆண்டுகளில் சுமார் 50,000 பேர் தண்டனை பெற்றார்கள். பிரிவு முழுதாக நீங்கியது 1994இல். தண்டிக்கப்பட்டவர்களின் பெயரிலிருந்த கறை நீங்கச் சட்டம் வந்தது 2017இல்.

செபாஸ்டியன் மைஸே என்ற ஆஸ்திரிய இயக்குநரின் 'கிரேட் ஃப்ரீடம்' (2021) இந்தக் கணக்கை ஒரே ஒரு மனிதனின் உடலில் காட்டுகிறது. ஹான்ஸை 1945இல் வதைமுகாமிலிருந்து விடுதலை செய்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புவதில்லை, மீதித் தண்டனையை அனுபவிக்க நேராகச் சிறைக்கு. பிறகு 1957இல் மறுபடி சிறை. 1968இல் மறுபடி. குற்றம் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். ஃப்ரான்ஸ் ரோகோவ்ஸ்கி அந்த மூன்று வயதுகளையும் முதுகின் வளைவிலேயே காட்டிவிடுகிறார். கூட இருக்கும் விக்டர் ஒரு கொலைக்குற்றவாளி, ஆரம்பத்தில் ஹான்ஸோடு ஒரே அறையில் இருப்பதையே அருவருப்பவன். அவன்தான் ஹான்ஸின் கையிலிருக்கும் முகாம் எண்ணை மறைக்க அதன்மேல் பச்சை குத்திவிடுகிறான். அவர்களுக்குள் வளர்வதற்கு என்ன பெயர் வைப்பது என்று படம் சொல்வதில்லை. நட்பு என்றாலும் குறைகிறது, காதல் என்றாலும் சரியாகப் பொருந்தவில்லை.

சட்டம் தளர்கிறது, ஹான்ஸ் வெளியே வருகிறான். ஒரு பாருக்குப் போகிறான். அங்கே ஆண்கள் பயமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து ஒரு நகைக்கடையின் கண்ணாடியை உடைத்து, கையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்துப் போலீசுக்காகக் காத்திருக்கிறான். அவனை நேசிக்கிற ஒரே ஆள் சிறைக்குள் இருக்கிறான். சோகம் என்றால் சோகம்தான். ஆனால் அழவைப்பதற்காக வைத்த முடிவாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவனுக்குச் சிறையைத் தவிர வேறு வீடே இல்லாமல் செய்துவிட்டு, ஒரு நாள் கதவைத் திறந்து போ என்றால் எங்கே போவான்?

இது ஏதோ ஜெர்மனியின் தனிக்கதை என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். இந்தியாவின் 377ஆம் பிரிவும் இலங்கையின் 365ஆம் பிரிவும் பிரிட்டிஷ் ஆட்சி எழுதிவைத்தவை. இங்கிலாந்து தன் வீட்டில் 1967இல் இந்தச் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கியது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் அதன் பல்லைப் பிடுங்கியது. தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால், மேற்கிலிருந்து கப்பலேறி வந்தது அதைத் தண்டிக்கும் சட்டம் என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

நோய் என்றால் எய்ட்ஸ். ராபின் கம்பியோ இயக்கிய '120 பீட்ஸ் பெர் மினிட்' (2017) எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய பாரிஸின் 'ஆக்ட் அப்' இயக்கத்தைப் பற்றியது. கம்பியோ 1990களின் தொடக்கத்தில் அந்த இயக்கத்தில் இருந்தவர். திரைக்கதையில் உடன் எழுதிய பிலிப் மாங்ஜோ அதன் தலைவராகவே இருந்தவர். அதனால் இந்தப் படத்தில் கூட்டங்கள் கூட்டங்களாகவே இருக்கின்றன. வாரம் ஒரு முறை ஒரு விரிவுரை அரங்கில் கூடுகிறார்கள், கத்துகிறார்கள், வாக்கெடுக்கிறார்கள். பேசுபவரின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கைதட்டாமல் விரல்களைச் சொடுக்குகிறார்கள். முன்னூறு விரல்கள் ஒரே நேரத்தில் சொடுக்கினால் மழை தொடங்குவதுபோல் இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்குள் புகுந்து போலி ரத்தம் நிரப்பிய பைகளை வீசுகிறார்கள், இரவில் போய் நடனமாடுகிறார்கள், மறுநாள் யாராவது ஒருவருக்கு உடம்பு மோசமாகிறது. கான் திரைப்பட விழாவில் இரண்டாம் பெரிய விருதான கிராண்ட் பிரி இதற்குக் கிடைத்தது. நடுவர் குழுத் தலைவர் பெத்ரோ அல்மோதோவர் இதைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

அதில் ஷான் என்ற இளைஞன் தன் காதலன் நத்தானின் வீட்டில் இறக்கிறான். நள்ளிரவு. அம்மா உள்ளறையில். தோழர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே வருகிறார்கள். யாரோ காபி போடுகிறார்கள், யாரோ அறிக்கை எழுதுகிறார்கள், யாரோ இறந்தவனுக்கு உடை மாற்ற உதவுகிறார்கள். அஸ்தியில் இயக்கத்துக்கு ஒரு பங்கு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கிறார்கள், அவளும் ஒத்துக்கொள்கிறாள். ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் விருந்து மேசைமேல் அந்த அஸ்தியைத் தூவுகிறார்கள். நம் வீடுகளில் சாவு வீட்டுக்கு ஆட்கள் வந்து நிறைவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு கே இளைஞனின் சாவு வீடு அப்படி நிறைவதை நான் முதலில் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

இனி ஐரோப்பாவின் கிழக்குப் பக்கம். அங்கே கதவுகள் வேறு மாதிரி.

இம்மானுவேல் பார்வுவின் ருமேனியப் படம் 'த்ரீ கிலோமீட்டர்ஸ் டு தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்' (2024). டான்யூப் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு கிராமம். விடுமுறைக்கு வந்திருக்கும் பதினேழு வயது ஆதியை ஒரு இரவு யாரோ அடித்து முகத்தைக் கிழித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரிய மனிதரிடம் தான் வாங்கிய கடனுக்காகத்தான் மகனை அடித்தார்கள் என்று அப்பா நினைக்கிறார், போலீசுக்குப் போகிறார். உண்மைக் காரணம் வெளியே வருகிறது: ஆதி சுற்றுலா வந்த ஒரு பையனை முத்தமிட்டதை அந்தப் பெரிய மனிதரின் பையன்கள் பார்த்துவிட்டார்கள். அந்த நொடியிலிருந்து அடித்தவர்கள் மறந்துபோகிறார்கள், அடிவாங்கியவன் குற்றவாளி ஆகிறான். அம்மா பாதிரியாரைக் கூப்பிடுகிறாள். கையைக் காலைக் கட்டிவைத்து ஜெபம் நடக்கிறது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் பயமுறுத்துகிறது. அம்மா அழுதுகொண்டேதான் கட்டுகிறாள். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை நிற்கும் என்று தோன்றியது.

லெவன் அகின் இயக்கிய 'அண்ட் தென் வி டான்ஸ்டு' (2019) ஜார்ஜியாவில் நடக்கிறது. அகின் ஸ்வீடனில் வாழும் ஜார்ஜிய வம்சாவளியினர். 2013 மே மாதம் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவான ஒரு சிறு கூட்டத்தைப் பாதிரியார்கள் தலைமையில் பெரும் கும்பல் தாக்கியது. அந்தச் செய்திதான் அவரை அங்கே போகவைத்தது. மெராப் தேசிய நடனம் பயில்பவன். அந்த நடனம் ஆண்மையின் அடையாளம், அதில் மென்மைக்கு இடமில்லை என்று ஆசிரியர் திட்டுகிறார். புதிதாக வந்த இராக்லியைப் பார்த்ததும் மெராப்பின் உடல் வேறு மாதிரி அசையத் தொடங்குகிறது. படப்பிடிப்புக்குப் பாதுகாவலர்கள் வேண்டியிருந்தது. நடனம் அமைத்தவரின் பெயர் இன்றுவரை படத்தில் இல்லை, அவருடைய பிழைப்புக்கு ஆபத்து என்பதால். திபிலிசியில் மூன்று நாள் மட்டும் திரையிட்டார்கள். வெளியே எதிர்ப்புக் கூட்டம், போலீஸ் காவல். டிக்கெட்டுகளோ முன்பே தீர்ந்துவிட்டிருந்தன.

மெராப்பின் அண்ணன் டேவிட் குடிப்பவன், பொறுப்பில்லாதவன், தானும் நடனக்காரன். தம்பியைப் பற்றி யாரோ அசிங்கமாகப் பேசியதற்கு அடிதடியில் இறங்கி முகம் வீங்கி வருகிறான். இரவு தம்பியின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, இந்த நாட்டில் உனக்கு எதிர்காலம் இல்லை, போய்விடு என்கிறான். நேசிக்கிறவனே "போய்விடு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜானி இருந்துகொள்ள முடிந்ததற்கும் மெராப் கிளம்ப வேண்டியிருப்பதற்கும் நடுவே இருப்பது இரண்டு நாடுகளின் சட்டமும் சமூகமும்தான். அன்பின் அளவில் குறைவில்லை.

அண்ணன் என்றதும் 'ஃப்ளீ' (2021) நினைவுக்கு வருகிறது. யோனாஸ் போஹர் ராஸ்முசன் இயக்கிய டேனிஷ் அனிமேஷன் ஆவணப்படம். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி, மாஸ்கோவில் ஒளிந்து வாழ்ந்து, தனியாக டென்மார்க் வந்துசேர்ந்த ஒருவரின் உண்மைக் கதை. அமின் என்பது மாற்றுப்பெயர், முகம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அனிமேஷன். பெண்கள்மேல் விருப்பமில்லை என்று அவர் ஸ்வீடனில் இருக்கும் குடும்பத்திடம் சொன்னதும் கூடத்தில் அமைதி. மூத்த அண்ணன் வா என்று காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். பெண்களிடம் கூட்டிப்போய்த் திருத்தப்பார்க்கிறார் என்று தம்பி நடுங்குகிறான். கார் நிற்கிறது, அண்ணன் கையில் பணத்தைத் திணிக்கிறார். இறங்கிப் பார்த்தால் அது ஒரு கே க்ளப். எங்களுக்கு முன்பே தெரியும், போய்ச் சந்தோஷமாக இரு என்கிறார் அண்ணன். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தின் முடிவிலும் ஒரு வீடுதான்: அமினும் அவர் துணைவரும் வாங்கிய வீடு, அதன் தோட்டம். அங்கே அனிமேஷன் கரைந்து நிஜச் செடிகள் தெரிகின்றன.

உடலுறவுக் காட்சிகள் பற்றிக் கேட்டீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். மிகவும் வெளிப்படையான படங்கள் உண்டு. அலென் கிரோதியின் 'ஸ்ட்ரேஞ்சர் பை த லேக்' (2013) அவற்றில் தலைசிறந்தது. ஒரு ஏரிக்கரை, ஆண்கள் ஆண்களைத் தேடி வரும் இடம். படம் அந்தக் கரையைவிட்டு வெளியே போவதே இல்லை. பின்னணி இசை கிடையாது, காற்றும் தண்ணீரும்தான். ஃப்ராங்க் தான் விரும்பும் மிஷெல் ஒருவனைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதைத் தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறான், பார்த்த பிறகும் அவனிடமே போகிறான். இரவு சேர்ந்து தங்கலாமா என்று கெஞ்சுகிறான். மிஷெல் மறுக்கிறான், ஏரிக்கரையோடு சரி. இந்தப் படத்தில் யாருக்கும் வீடே கிடையாது, திகில் அங்கேதான் இருக்கிறது. பிரான்சில் தன்பால் திருமணச் சட்டம் வந்த அடுத்த மாதமே, இரண்டு ஆண்கள் முத்தமிடும் ஓவியம் இருந்ததற்காக இதன் சுவரொட்டிகளை வெர்சாய், சாங்-க்ளூ நகரங்களில் எடுக்கவைத்தார்கள். தனியாகப் பாருங்கள், அவசியம் பாருங்கள்.

லூகாஸ் தோந்தின் பெல்ஜியப் படம் 'க்ளோஸ்' (2022) பற்றி எச்சரிக்கையோடு ஒரு வார்த்தை. பதின்மூன்று வயது நண்பர்கள் இருவர். ஒரே படுக்கையில் கதை பேசித் தூங்குபவர்கள். புதுப் பள்ளியில் ஒரு பெண் சாதாரணமாக, "நீங்க ரெண்டு பேரும் ஜோடியா?" என்று கேட்டுவிடுகிறாள். அந்த ஒரு கேள்வியால் ஒருவன் விலக, மற்றவன் உடைகிறான். நடிப்பு அபாரம். ஆனால் தற்கொலை வருகிறது. மனம் சரியில்லாத நாளில் தொடாதீர்கள்.

குடும்பம் என்றால் இத்தாலிதான், அதுவும் ஃபெர்சான் ஒஸ்பெதெக்கின் 'லூஸ் கேனன்ஸ்' (2010). இஸ்தான்புல்லில் பிறந்து இத்தாலியில் படமெடுப்பவர் அவர். தெற்கே லெச்சே நகரம், பாஸ்தா ஆலை நடத்தும் பெரிய குடும்பம். இளைய மகன் தொம்மாசோ, விருந்தில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அண்ணனிடம் முன்கூட்டியே சொல்கிறான். விருந்தில் அவன் தொண்டையைச் செருமுவதற்குள் அண்ணன் எழுந்து, நான் கே என்று அறிவித்துவிடுகிறான். அப்பாவுக்கு மாரடைப்பு. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே, தம்பி வாயடைத்து ஆலைக்குள்ளே. இனி அவன் சொன்னால் அப்பா செத்துப்போவார். சிரிக்கச் சிரிக்கப் போகிற படம், ஆனால் "அப்பா உடம்புக்கு ஆகாது" என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை பேர் நம்மிடையே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆண்ட்ரூ ஹேய் பன்னிரண்டு ஆண்டு கழித்து எடுத்த 'ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (2023) இதே பேச்சின் மறுபக்கம். ஆடமின் பெற்றோர் அவன் சிறுவனாக இருந்தபோதே விபத்தில் இறந்துவிட்டார்கள். நாற்பது கடந்த ஆடம் பழைய வீட்டுக்குப் போகிறான். அங்கே அவர்கள் அன்றைய வயதிலேயே இருக்கிறார்கள், வா என்று உள்ளே கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுக் காட்சிகளை ஹேய் தான் சிறுவயதில் வாழ்ந்த வீட்டிலேயே படமாக்கினார். பள்ளியில் கேலிக்கு ஆளாகி அறைக்குள் அழுத நாட்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. நீ அழுவது கேட்டும் நான் ஏன் உள்ளே வரவில்லை என்று அப்பா தானே உடைந்துபோகிறார். 'வீக்எண்ட்'டில் நடித்துக் காட்ட வேண்டியிருந்த அப்பாவை இதில் ஆவியாக வரவழைத்திருக்கிறார் ஹேய். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம்.

முதலில் மேத்யூ வார்க்கஸின் 'பிரைட்' (2014). பிரிட்டனில் 1984-85இல் நடந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். லண்டனில் ஒரு சிறு கே, லெஸ்பியன் குழு வாளி ஏந்திக் காசு வசூலித்து வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்துக்குக் கொண்டுபோகிறது. கிராமம் முதலில் முறைக்கிறது, அப்புறம் வீட்டுக்கு இருவராகப் பிரித்துத் தங்கவைக்கிறது. ஆண்கள் இருவர் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று ஒரு பெரியம்மா நீண்டநாள் சந்தேகத்தைக் கேட்கிறாள். இது நடந்த கதை. 1985 ஜூனில் தன்பாலீர்ப்பாளர்களின் லண்டன் பெருமித ஊர்வலத்தின் முன்வரிசையில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கொடியோடு நடந்தார்கள். பாட்டு உண்டு, சிரிப்பு உண்டு, அம்மா முகம் சுளிக்கும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்சங்கம், ஸ்டிரைக், சமையல் என்று அவருக்குத் தெரிந்த உலகம் வழியாகவே கதை உள்ளே போகும்.

ஒரு வாரம் கழித்து 'லில்டிங்' (2014). கம்போடியாவில் பிறந்து பிரிட்டனில் வாழும் ஹாங் காவ் இயக்கியது. லண்டனில் ஒரு முதியோர் இல்லம். ஜுன் என்ற கம்போடியச் சீனத்து அம்மா. எத்தனையோ ஆண்டு அந்த நாட்டில் இருந்தும் அவளுக்கு ஆங்கிலம் வராது. மகன் காய் தன்னைப் பற்றி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தவன், சொல்வதற்குள் விபத்தில் இறந்துவிட்டான். அவனோடு வாழ்ந்த ரிச்சர்ட் அம்மாவைத் தேடி வருகிறான். அவளுக்கு அவன் மகனின் "நண்பன்" மட்டும்தான், அதுவும் மகனைத் தன்னிடமிருந்து பிரித்த நண்பன். இருவருக்கும் பொது மொழி கிடையாது, பொதுவாக இருப்பது ஒரே ஒரு துக்கம். வான் என்ற இளம்பெண்ணை ரிச்சர்ட் மொழிபெயர்க்கக் கூட்டிவருகிறான். அவள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கொண்டுபோகிறாள். கோபத்தில் வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டால், இதை மொழிபெயர்க்காதே என்று ரிச்சர்ட் தடுக்கிறான். பென் விஷா அந்தத் தயக்கத்தைக் கண்ணிலேயே வைத்திருக்கிறார். அம்மாவாக வரும் செங் பெய்-பெய் ஒருகாலத்தில் ஹாங்காங் வாள்வீச்சுப் படங்களின் நாயகி. இங்கே நாற்காலியைவிட்டு அதிகம் எழுவதில்லை.

உங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களை நீங்கள்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கும். வான் செய்கிற அதே வேலை. நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள், அந்தப் படம் அவசரப்படுவதில்லை.